செயலாளர் ஃபெயிலான வருடம்

அந்தப் பதவிக்கு அவளைத் தவிர வேறு யாரும் மனுப் போடவில்லை. பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர் சங்கத்தில் தலைவர் பதவி என்றால் அடிதடி நடக்கும். சுவரெல்லாம் சிரித்த முகங்கள் ஒட்டப்படும், உணவகத்தில் மேசை மேல் ஏறி நின்று பேசுவார்கள். செயலாளர் வேலை அப்படியில்லை. கூட்டத்துக்குப் போக வேண்டும், கடிதம் எழுத வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பொருளியலில் மூன்றாம் ஆண்டுக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தவளைப் படிக்கட்டில் மடக்கி, "உன் கையெழுத்து அழகா இருக்கும்ல, நீயே நில்லு" என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

"கையெழுத்து நல்லா இருந்ததுக்காக மாட்டிக்கிட்டவ நான் ஒருத்தியாத்தான் இருக்கும்" என்று பிற்பாடு அவள் சொல்வதுண்டு.

உண்மையில் அவள் சம்மதித்ததற்குக் கையெழுத்து காரணமில்லை. அவளோடு முதல் வருடத்திலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒருத்தி இருந்தாள். தலைமுடியால் அவளுக்குச் சுருட்டை என்று பெயர். இரண்டாம் ஆண்டுத் தேர்வு சமயத்தில் சுருட்டைக்குக் காய்ச்சல் வந்து, ஒரே ஒரு பேப்பர் போய்விட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேப்பர் போனாலும் அதை அடுத்த வருடத் தேர்வில்தான் திரும்ப எழுத முடியும். அதுவரை மேல் வகுப்புக்குப் போகக் கூடாது. சுருட்டை வீட்டில் உட்கார்ந்தாள். சும்மாதானே இருக்கிறாள் என்று அண்ணன்காரன் ஒரு கைபேசிக் கடையில் சேர்த்துவிட்டான். அவள் திரும்பி வரவே இல்லை. தேர்வு முடிந்த இரண்டொரு மாதத்திலேயே மறுதேர்வு வைத்திருந்தால் அவள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேனா கடித்துக்கொண்டிருப்பாள். சங்கம் என்று ஒன்று இருப்பது இதைக் கேட்கத்தான் என்று நினைத்து, அவள் செயலாளர் ஆனாள்.

அதோடு அவளுடைய சொந்தப் பெயர் போயிற்று. வகுப்பில் செயலாளர், நூலகத்தில் செயலாளர். வீட்டிலும் அப்பா, "என்ன செயலாளரே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். முதுகுவலி, வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாயாமல் நேராகத் தரையில் படுத்துவிடுவார். அம்மா சட்டை தைக்கும் ஆலையில் தையல் சரிபார்ப்பவள். நாளெல்லாம் காலரையும் பொத்தான் துளையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணில் எப்போதும் நீர் கோத்திருக்கும். மூத்தவள் படித்து முடித்து வேலைக்குப் போனதும் அம்மா ஆலையை விட்டுவிடுவது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசத் தேவையில்லாத அளவுக்கு அது முடிவான விஷயம்.

அந்த வருடத் தலைவனுக்கு மைக்கு என்று பெயர். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் அவன் குரல் மூன்றாவது கட்டடம் வரை கேட்கும். நல்ல பையன்தான், ஆனால் பேசி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிற ரகம். மாணவர் விவகாரக் குழு என்று ஒன்று மாதாமாதம் செவ்வாய்க்கிழமை காலையில் கூடும். நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடியில் நீள மேசை. குளிரூட்டி சொட்டிக்கொண்டே இருக்கும், அதன் அடியில் ஒரு வாளி. தலைமாட்டில் பதிவாளர், பக்கத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அம்மா, அப்புறம் துறைத் தலைவர்கள். மேசையின் கால்மாட்டில், வாளிக்குப் பக்கத்தில், மாணவர் சங்கத்துக்கு இரண்டு நாற்காலி.

முதல் கூட்டத்தில் மைக்கு எழுந்து நின்று மறுதேர்வைப் பற்றிப் பொரிந்து தள்ளினான். பதிவாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனை தம்பி. பரிசீலிக்கிறோம்" என்றார். அடுத்த கூட்டத்தில், "துறைகள்கிட்ட கருத்துக் கேட்டிருக்கோம்" என்றார். அதற்கடுத்த கூட்டம் நடக்கவில்லை. அதற்கும் அடுத்ததில் கட்டுப்பாட்டாளர் அம்மா, "என் பிரிவுல ஆளே இல்லைங்க" என்றார். வருடக் கடைசியில் பதிவாளர் கோப்பை மூடிக்கொண்டே, "இந்த வருஷம் நேரமில்ல. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சிரித்தார்.

வெளியே வந்து மைக்கு, "பார்த்தியா, ஒத்துக்கிட்டாங்க" என்றான்.

"எங்க ஒத்துக்கிட்டாங்க?"

"அடுத்த வருஷம்னு சொன்னாருல்ல?"

"அடுத்த வருஷம் நீ இருப்பியா? நான் இருப்பேனா?"

அவன் யோசித்தான். அப்போதுதான் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். அந்த மேசையில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. அவர்கள் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். மாணவர் என்றால் மூன்று வருடம். சங்கப் பொறுப்பு என்றால் ஒரே வருடம். விஷயம் என்னவென்று புரிவதற்குள் பாதி போய்விடும், யாரைப் பார்ப்பது என்று தெரிவதற்குள் மீதி போய்விடும். புதிதாக வருகிறவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மறுபடி "நல்ல யோசனை தம்பி."

மறுதேர்வு மட்டும்தான் அவளுடைய வேலை என்றால் பரவாயில்லை. விடுதியில் வெந்நீர் வரவில்லை, அடையாள அட்டை தொலைந்துவிட்டது, வாசிப்புக் கூடத்தில் மின்விசிறி சுற்றவில்லை, இன்னார் இன்னாரைத் திட்டிவிட்டார் என்று எல்லாம் அவளிடம்தான் வந்தது. யாரிடமாவது எதையாவது சொல்லிக்கொண்டே நடந்தாள். காலையில் எழும்போதே தோள் கனத்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அடுத்த நிமிடம் தூங்கிவிடுவாள். நடத்துநர்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்பதால் இறங்கும் இடத்தில் தட்டி எழுப்புவார்கள். போதாக்குறைக்கு, குழு கூடுகிற அதே செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவர்களுக்குப் புள்ளியியல் வகுப்பு. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமைகளிலும் கூட்டத்துக்காக யாரையாவது பார்க்கப் போக வேண்டியிருந்தது. புள்ளியியல் சார் ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வகுப்பில் தொடர்கிறவர். அவளுக்கு எல்லாக் கணக்கும் பாதியில் நின்றன.

தேர்வு முடிவு வந்தபோது அவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். கைபேசியில் பார்த்தாள். எல்லாம் இருந்தது, புள்ளியியல் மட்டும் இல்லை. முதலில் திரைதான் சரியாகத் திறக்கவில்லை என்று நினைத்து இரண்டு தரம் மூடித் திறந்தாள். மைக்கு முதல் வகுப்பில் தேறியிருந்தான். அவன் தொலைபேசியில் அழைத்து, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "நீ கவலைப்படாத" என்றான். கவலைப்படாமல் இருக்க என்ன வழி என்று அவனுக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டான்.

வீட்டில் அம்மா ஆலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"எந்தப் பேப்பரு?"

"புள்ளியியல்மா."

"எப்ப திரும்ப எழுதணும்?"

"அடுத்த வருஷம்."

அம்மா துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு சொன்னாள், "ஊர்ல இருக்கறவன் பாஸாகணும்னு அலைஞ்ச. சரி."

அந்தச் 'சரி'யைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. அப்பா தரையில் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவளைச் செயலாளரே என்று கூப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற தங்கை மட்டும், "அப்ப அம்மா இன்னும் ஒரு வருஷம் வேலைக்குப் போகணுமா?" என்று கேட்டு வைத்தாள். அம்மா துண்டைக் கொடியில் போட்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் அவள் கைபேசிக் கடைக்குப் போனாள். சுருட்டை நீலச் சட்டை போட்டு, முடியை இழுத்துக் கட்டி, ஒரு வாடிக்கையாளரின் கைபேசித் திரைக்குக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். குமிழி இல்லாமல் ஒட்டுவது ஒரு வித்தை. நாக்கைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தோழி விஷயத்தைச் சொன்னதும் சுருட்டை முதலில் சிரித்துவிட்டாள்.

"எனக்காகப் பேசப் போய் நீயும் காலியா?"

"சிரிக்காதடி."

"அழுதா கடைக்காரர் திட்டுவாரு." கண்ணாடித் தாளின் உறையைக் கசக்கிக் கூடையில் போட்டாள். "இங்க பாரு, எனக்கு இப்ப பழகிருச்சு. மாசம் பூராவும் நின்னு நின்னு காலு மட்டும் வீங்குது. நீ எனக்காகன்னு எதுவும் பண்ணிட்டிருக்காத. நான் எப்பவோ விட்டுட்டேன். நீதான் இன்னும் தூக்கிட்டு அலையற."

வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். "சொல்லுங்க சார்" என்று சுருட்டை அவர் பக்கம் திரும்பினாள். செயலாளர் கொஞ்ச நேரம் உறைகள் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கிளம்பினாள்.

புது வருடம் தொடங்கியது. முன்பு சங்கத்தின் பொருளாளராக இருந்த கண்ணாடி என்கிற பையன் தலைவனாக வந்தான். பேச்சு வராது, கேள்வி கேட்டால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பான். அவன் அவளைத் தேடி வாசிப்புக் கூடத்துக்கு வந்தான்.

"அக்கா, விதிப்படி பதிவுல பேர் இருக்கற எந்த இளங்கலை மாணவரும் நிக்கலாம். உங்க பேர் இன்னும் பதிவுல இருக்கு."

"அதைச் சந்தோஷமா வேற சொல்றியா?"

அவன் கண்ணாடியைத் துடைத்தான். "செயலாளர் பதவிக்கு யாரும் மனுப் போடல."

"எவன் போடுவான்?"

வேண்டாம் என்றுதான் சொன்னாள். இரண்டு நாள் கழித்துச் சரி என்றாள். நியாயத்துக்காக, கோபத்துக்காக என்றெல்லாம் இல்லை. அந்த வருடம் அவளுக்குப் போக வகுப்பு இல்லை, படிக்க ஒரே ஒரு புத்தகம். வீட்டில் இருந்தால் அம்மா ஆலைக்குக் கிளம்புவதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியே போக அவளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

முதல் கூட்டம். அதே அறை, அதே வாளி. பதிவாளர் கண்ணாடியிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, அவளைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்க... போன வருஷமே முடிச்சிருக்கணுமே?"

"ஒரு பேப்பர் போச்சு சார்."

மேசையைச் சுற்றி ஒரு சங்கடம் ஓடியது. ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். நிகழ்ச்சி நிரலில் இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் மறுதேர்வு வந்தது. கண்ணாடி தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். பதிவாளர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார், "நல்ல யோசனை தம்பி. இப்பதான் வந்திருக்கு, துறைகள்கிட்ட கருத்துக் கேட்டு—"

"போன வருஷம் கேட்டிருக்கோம்னு சொன்னீங்க சார்" என்றாள் அவள். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லவே அலுப்பாக இருந்தது. "என்ன சொன்னாங்க?"

பதிவாளர் கட்டுப்பாட்டாளர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"கேக்கல" என்றார்.

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார். ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது கட்டுப்பாட்டாளர் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார், "ஏம்மா, கொஞ்சம் என் ரூமுக்கு வா."

தேர்வுப் பிரிவுக்குள் அவள் அதுவரை போனதில்லை. உள்ளே போனால் அறை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. விடைத்தாள் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன, நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவு சந்து. மேசைகள் ஐந்து இருந்தன, ஆள்கள் இரண்டு பேர். அந்த அம்மா நாற்காலியில் இருந்த கட்டை இறக்கி வைத்துவிட்டு, "உக்காரு" என்றார்.

"உன்னைத் தட்டிக் கழிக்கணும்னு எனக்கு ஆசையில்ல. நான் ஓய்வு பெறப் போறவ. எனக்கு என்ன வந்தது?" கண்களை விரல்களால் அழுத்தித் தேய்த்தார். அவளுடைய அம்மா வீட்டில் தேய்த்துக்கொள்வதும் அப்படித்தான். "மூணு பேர் போயிட்டாங்க, பதிலுக்கு ஆள் போடல. சரி, அதை விடு. கூடம் நான் பார்த்துக்குவேன், கண்காணிப்புக்கும் எப்படியாவது ஆள் பிடிப்பேன். ஆனா லீவுல கேள்வித்தாள் யார் எடுப்பா? யார் திருத்துவா? வாத்தியார்களைக் கேட்டா முகத்துல அடிச்ச மாதிரி முடியாதும்பாங்க. அதான் கேக்கல. கேட்டு, முடியாதுன்னு பதில் வந்தா அதோட விஷயம் முடிஞ்சுரும்ல?"

அவள் அதை அப்படி யோசித்திருக்கவில்லை.

"அப்ப நாங்க கேக்கறோம் மேடம்."

"கேளுங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அதற்கப்புறம் நடைதான். அவளும் கண்ணாடியும் துறை துறையாக ஏறி இறங்கினார்கள். பூட்டியிருந்த கதவுகள் முன்னால் நின்றார்கள். "மதியம் வாங்க" என்றவர் மதியம் இருக்க மாட்டார். ஒரு பேராசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஃபெயிலாகாம இருந்தா போதுமே, எதுக்கு மறுதேர்வு?" என்று தானே சிரித்துக்கொண்டார். இன்னொருவர் விடுமுறையில்தான் தனக்குப் பல் கட்டப் போவதாகச் சொல்லி, வாயைத் திறந்து காட்டவும் செய்தார். சிலர் சரி என்றார்கள். சரி என்றவர்களில் பாதிப்பேர் அடுத்த வாரம், "நான் அப்படிச் சொல்லலியே" என்றார்கள். கண்ணாடி ஒருநாள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, எனக்குக் கால் இல்ல."

"எனக்கும் இல்ல. எந்திரி."

புள்ளியியல் சாரை மட்டும் அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் தனியாகப் போனாள். அவர் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, கரும்பலகை நிறைய பாதியில் நிற்கும் கணக்கு. வந்து நின்றவளை ஏறிட்டுப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"மார்க் விஷயமா வந்திருந்தா பேசறதுக்கு ஒண்ணுமில்ல. நான் ரெண்டு தரம் கூட்டிப் பார்த்துட்டேன்."

"மார்க் கேக்க வரல சார்."

"பின்ன?"

"சங்கத்துலேர்ந்து வந்திருக்கேன்."

அவர் நம்பவில்லை. அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வரும்போது அலுத்துவிட்டது. எத்தனையோ கதவுகளில் சொன்ன அதே வாக்கியங்கள். நடுவில் நிறுத்தி, "எனக்கே இது சொல்லிச் சொல்லி மரத்துப் போச்சு சார். முடியும்னா முடியும்னு சொல்லுங்க, முடியாதுன்னா நான் போறேன். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்" என்றாள்.

சொன்ன பிறகுதான் பயந்தாள். அவர் கோபப்படவில்லை. எழுந்து கரும்பலகையின் ஓரத்தைச் சும்மா துடைத்தார்.

"நீ செவ்வாய்க்கிழமை வராம இருந்தது இதுக்குத்தானா?"

"ஆமா சார்."

"ஏன் சொல்லல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தலையாட்டினார். "எல்லாத் துறையையும் கேக்கறதை விடு" என்றார். "வருஷா வருஷம் பசங்க மொத்தமா விழறது அஞ்சாறு பேப்பர்லதான். அதுல ஒண்ணு என்னோடது, அது எனக்குத் தெரியும். என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னும் தெரியும். அந்தப் பேப்பர்களுக்கு மட்டும் முதல்ல வைக்கச் சொல்லு. என்னோடதை நான் எடுக்கறேன், நானே திருத்தறேன். லீவுல எனக்கு ஒண்ணும் வேலையில்ல. என் பொண்ணு வெளியூர்ல இருக்கா, வா வான்னு கூப்பிடுவா. போனா ரெண்டு நாளைக்கு மேல அவளுக்கும் எனக்கும் ஒத்துக்காது."

"ஆசிரியர் கூட்டத்துல நீங்க இதைச் சொல்ல முடியுமா சார்?"

"எனக்குப் பேச வராதும்மா. வகுப்புலயே பார்த்திருப்பியே." ஆனால் போய்ச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து நின்று, "நான் செய்யறேன், நீங்க செய்யறதும் செய்யாததும் உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி. பல் கட்டப் போன பேராசிரியர் உட்பட மற்றப் பேப்பர்க்காரர்கள் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். வராமல் இருப்பது அசிங்கமாக இருந்ததோ என்னவோ.

வருடத்தின் கடைசிப் பகுதியில் கல்விக் குழு மறுதேர்வுக்கு அனுமதி கொடுத்தது. மாணவர் விவகாரக் குழுவின் ஒப்புதலுக்காகப் பதிவாளர் தீர்மானத்தை வாசித்தார். ஆறு பேப்பர்களுக்கு, விடுமுறையில், இந்த வருடத் தேர்வில் தவறுபவர்களுக்கு. ஏற்கெனவே தவறி, இந்த வருடம் திரும்ப எழுதுகிறவர்களுக்கு இது பொருந்தாது.

கண்ணாடி சட்டென்று எழுந்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "அதெப்படி சார்? போன வருஷம் போனவங்க என்ன பாவம் பண்ணாங்க? இதை நாங்க ஒத்துக்க முடியாது."

"ஒத்துக்கலைன்னா திருப்பி அனுப்பணும் தம்பி. அடுத்த வருஷம் புதுசா எடுத்துக்கலாம்" என்றார் பதிவாளர். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் முறை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இந்தத் தடவையும் விழுந்தால் அந்த வரியால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி என்று மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவளால் போராட முடிந்திருக்கலாம். வெளிநடப்பு செய்திருக்கலாம், மைக்கு இருந்திருந்தால் செய்திருப்பான். அவளுக்கு அந்தப் படிக்கட்டுகள் நினைவுக்கு வந்தன. மறுபடி முதல் கதவிலிருந்து. அதைச் செய்ய அப்போது அவள் இருக்க மாட்டாள்.

"உக்காரு" என்று கண்ணாடியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருக்கட்டும் சார். நிறைவேத்துங்க."

தீர்மானத்தைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே உணவகத்தில் ஒரு பையன் அவளை வழிமறித்தான். அவனும் போன வருடம் தவறியவன். "உன்னை யாரு ஒத்துக்கச் சொன்னது? எங்களைக் கேட்டியா?" என்று தட்டோடு நின்று கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேட்டதில் தப்பு இல்லை. அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அதனால்தான் கேட்காமல் விட்டாளா என்று பஸ்ஸில் நெடுநேரம் யோசித்தாள். கட்டுப்பாட்டாளர் அம்மாவும் அதைத்தானே செய்தார்? அதற்குமேல் யோசிக்க முடியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

தேர்வு வந்தது. வருடம் முழுக்க ஒரே புத்தகத்தைப் படித்ததில் புள்ளியியல் அவளுக்குப் பிடித்துப் போகவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. எழுதினாள். தேறினாள். மதிப்பெண் சுமார்தான். முடிவைச் சொன்னபோது அம்மா, "இந்தத் தடவ சரியாப் பார்த்தியா?" என்று கேட்டு, கைபேசியை வாங்கி, தையலைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குத் திரையில் எழுத்து தெரியவில்லை என்று செயலாளருக்குத் தெரியும். ஆனாலும் அம்மா "ம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

முதல் மறுதேர்வு நடந்தபோது அவள் போகவில்லை. போக அவளுக்கு எந்த உரிமையும் இல்லை, பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிதான் தொலைபேசியில் சொன்னான். கூடத்தில் மின்சாரம் போய்விட்டதாம். கட்டுப்பாட்டாளர் அம்மாவே கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூடத்துக்கு ஓடினாராம். புள்ளியியல் சார் கேள்வித்தாளில் ஒரு எண்ணைத் தப்பாக அச்சடித்து, அதை வகுப்பு வகுப்பாகப் போய்த் திருத்தினாராம்.

"பசங்க என்ன சொன்னாங்க?"

"கேள்வி கஷ்டம்னு திட்டினாங்க அக்கா. முன்னாடி இந்தத் தேர்வே இல்லைங்கறது பாதிப் பேருக்குத் தெரியல. எப்பவும் இருக்கும்போலன்னு நினைச்சுட்டிருக்காங்க."

"நல்லதுதான்" என்றாள். நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

வேலைக்கு அலைந்தபோது எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சரக்குகளை அனுப்பி வைக்கும் ஒரு நிறுவனத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "மூணு வருஷப் படிப்புக்கு உங்களுக்கு ஏன் நாலு வருஷம்?" என்றார். ஒரு பேப்பர் போய்விட்டது என்றாள். "மாணவர் சங்கத்துல ரெண்டு வருஷம் செயலாளர்னு போட்டிருக்கீங்க. அதுல என்ன வேலை?" என்று அடுத்துக் கேட்டார். என்னென்னவோ சொல்ல யோசித்து, கடைசியில், "கூட்டத்துக்குப் போவேன் சார். நடக்கலைன்னா திரும்பவும் போவேன்" என்றாள். அவர் சிரித்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. வேறொரு இடத்தில், ஒரு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில், கிடைத்தது.

சில மாதங்களில் அம்மா ஆலையை விட்டாள். விட்ட மறுநாளும் பழக்கத்தில் இருட்டோடு எழுந்து முகம் கழுவி, என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் அதைப் பார்த்து, "படுத்துக்கோம்மா, இன்னும் விடியல" என்றாள்.

"தூக்கம் வரல. நீ போ. பஸ்ஸுல தூங்கிடாத, ஆஸ்பத்திரி வழியில தட்டி எழுப்ப அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

"சரிம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவள் இறங்கினாள்.